நொச்சிப்பள்ளத்துக் குடித்தனங்கள்

வெங்கடலட்சுமிக்கு அந்தப் பள்ளம் கல்யாணத்தோடு வந்தது. தடாகம் என்ற ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பாக்கும் தென்னையுமாக இருந்த தோட்டத்தை அவளுடைய அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தார். தோட்டத்தின் நடுவே நொச்சிப்பள்ளம் என்ற ஓடை ஓடியது. பள்ளத்துத் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. அதன் இரண்டு கரைகளும் மட்டும் பத்திரப்படி அவளுடையவை. மகன் வளர்ந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிறகும்கூட அவள் அந்தத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. தோட்டத்துக்கு வந்தால் காரைவிட்டு இறங்குவாள், இளநீர் குடிப்பாள், காவலிருக்கும் முத்தாத்தாளிடம் யானை வந்ததா என்று விசாரிப்பாள், வெயில் சாய்வதற்குள் ஆர்.எஸ்.புரம் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவள் கணவர் திருமலைசாமிக்கு அந்தப் பள்ளத்தின்மேல் ஆசை வந்தது. கருமத்தம்பட்டி தாண்டி அவருக்கு ஒரு நூல் மில் இருந்தது. ஆனால் அந்த வருஷம் போன இடமெல்லாம், ரயிலிலும் கல்யாண மண்டபத்திலும், ஆளாளுக்குத் தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருப்பதைப் பார்த்தார். நம் பள்ளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். நன்றாக இருக்கிறது என்று வந்தது. மிஷின் விற்கிற பம்பாய்க்காரர்களோ அது போதாது என்றார்கள். மழைக்காலத்திலிருந்து கோடை வரைக்கும் ஓடையே ஆரோக்கியமாக இருக்கிறதா என்று விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"பள்ளத்துக்கென்ன, காய்ச்சலா வரும்?" என்று சாப்பிடும்போது சிரித்தார் திருமலைசாமி. "ஒரு லேடீஸ் காலேஜ்ல விலங்கியல் டீச்சரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். ஓடைப் பூச்சிகளைப் பத்தித்தான் ஆராய்ச்சியே பண்றாங்களாம். வாரம் ஒரு நாள் வருவாங்க. வயசுப் பொண்ணைத் தனியா அந்தக் காட்டுல விடமுடியாது. நீ கூடப் போயிட்டு வா, லட்சுமி."

அப்படித்தான் புரட்டாசி மாதத்தில் சபுரா அவள் காரில் ஏறினாள். முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, முக்காடு, காலில் ரப்பர் செருப்பு. கோட்டைமேட்டில் அவள் அப்பா அப்துல் மஜீதுக்குத் தகரக்கடை. டிரங்குப் பெட்டியும் புனலும் செய்கிறவர், மகளுக்காக ஒரு வாளியின் அடியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி பதித்துக் கொடுத்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதல் வாரம் வெங்கடலட்சுமி பாக்கு மரத்தடியில் நாற்காலி போட்டு வாரப் பத்திரிகை படித்தாள். தூரத்தில் அந்தப் பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் குனிந்தபடியே நின்றாள். ஒரு கதை படித்துவிட்டு இவள் நிமிர்ந்தபோதும் அந்தப் பெண் அங்கேயே நின்றாள். தொடர்கதையும் முடிந்தது, அப்போதும் அங்கேயே. அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று வெங்கடலட்சுமிக்கு லேசான பொறாமைகூட வந்தது.

இரண்டாவது வாரம் கரைக்குப் போனாள்.

"ஏனுங் டீச்சர், நானும் பார்க்கலாங்களா?"

சபுராவுக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை. ஓடையில் இருக்கிற நேரம்தான் அவளுக்கென்று இருந்த நேரம். வீட்டில் அக்கா பிள்ளைகள், காலேஜில் அறுபது மாணவிகள், பஸ்ஸில் யாரோ ஒருவருடைய முழங்கை. தண்ணீருக்குள் குனிந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். ஆனாலும் தோட்டத்துக்காரி கேட்கும்போது மறுக்க முடியாது. கண்ணாடி வாளியைக் கொடுத்தாள்.

"செருப்பைக் கழட்டாதீங்கம்மா, கல்லு வழுக்கும். வாளியைத் தண்ணிமேல வெச்சு லேசா அமுக்குங்க. உங்க நிழல் விழாம நில்லுங்க. அப்புறம் அசையாதீங்க."

வெங்கடலட்சுமி முதல்முறையாக அந்தத் தண்ணீரில் இறங்கினாள். குளிர்ச்சி கணுக்காலைப் பிடித்து, முழங்காலுக்கு ஏறி, அங்கே வருஷக்கணக்காக இருந்த வலியைச் சுற்றி வளைத்துக்கொண்டது. வாளிக்குள் பார்த்தாள். மேலே நெளிந்துகொண்டிருந்த வெளிச்சமெல்லாம் சட்டென்று விலகிப்போய், கீழே ஒரு ஊர் தெரிந்தது.

கூழாங்கற்களுக்கு நடுவே சந்துகள். சந்துகளில் பாக்கு இலைச் சருகு. மணலைக் கோத்துக் கட்டின சின்னஞ்சிறு குழாய் ஒன்று தானாக நகர்ந்தது. நின்றது. அதன் வாயிலிருந்து ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்து, ஒரு மணலைத் தூக்கித் தன் வாசலில் ஒட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போயிற்று. பக்கத்துக் கல்லின் மேல், நகத்தளவு பூச்சி ஒன்று, வாலில் மூன்று மயிரிழைகளோடு வெள்ளத்துக்கு எதிராகத் தலையைத் தாழ்த்திப் படுத்திருந்தது. அதன் இடுப்பில் இரண்டு பக்கமும் இறகு மாதிரி ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விரலளவு மீன் ஒன்று கல்லை நக்கிக்கொண்டே வந்து, அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல் போனது.

"அம்மா," என்றாள் சபுரா. "மணி ரெண்டாகப்போகுது. சாப்பிடலீங்களா?"

வெங்கடலட்சுமி நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. வந்து கொஞ்ச நேரம்தான் ஆயிற்று என்று நினைத்திருந்தாள். வெயில் அக்கரைக்குப் போயிருந்தது. மரம், கல், சபுராவின் முகம் எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பவை போலச் சற்று நேரம் அசைந்தன.

"அந்த ஊடு கட்டறது யாரு கண்ணு?" என்று கேட்டாள்.

டீச்சர் என்கிற அழைப்பு அன்றோடு போயிற்று. அதன் பிறகு கண்ணுதான்.

அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று பின்னால் கேட்டால் வெங்கடலட்சுமியால் வரிசையாகச் சொல்ல முடியாது. ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, ஒரே நீண்ட மத்தியானமாகத்தான் அவை நினைவில் இருந்தன.

சபுரா வலையைத் தண்ணீரில் பிடித்துக்கொள்வாள். அதற்கு மேல்பக்கம் நின்று வெங்கடலட்சுமி காலால் கற்களைக் கிளறுவாள். கலங்கி வருவதெல்லாம் வலைக்குள் போகும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டி, இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிவார்கள். முதலில் வெறும் குப்பைதான் தெரியும். கண் பழகப்பழகக் குப்பை எழுந்து நடக்கும்.

"தண்ணியை மட்டும் சோதிச்சா, இன்னிக்கு எப்படியிருக்குன்னுதான் தெரியுங்க," என்றாள் சபுரா. "நேத்து ராத்திரி யாராவது மருந்தைக் கொட்டி, அது விடியறதுக்குள்ள ஓடிப்போயிருந்தா பாட்டில்ல தெரியாது. ஆனா இதுங்க இங்கேயே குடியிருக்குதுங்க. ஓடைக்கு என்ன ஆனாலும் இதுங்க மேலதான் முதல்ல விழும். அதனால யார் யார் குடியிருக்காங்கன்னு பார்த்து மார்க் போடுவோம். தண்ணி கொஞ்சம் கெட்டாலும் தாங்காதவங்களுக்குப் பெரிய மார்க். சாக்கடையிலயும் இருப்பேங்கற புழுவுக்கு ஒரு மார்க்."

"அட. நம்மூர்ல பொண்ணு பாக்கப் போனாலும் அப்படித்தான். கொஞ்சம் சிடுசிடுப்பா இருக்கறவளுக்குத்தான் ஊட்ல நல்லா வசதிம்பாங்க."

சபுரா முதல்முறையாகச் சிரித்தாள்.

ஆங்கிலப் பேரெல்லாம் வெங்கடலட்சுமியின் வாயில் நிற்கவில்லை. மணல் குழாய் கட்டுகிறது ஊடுகட்டி. மூன்று வாலுள்ளது மூணுவால்காரி. இன்னொன்று இருந்தது. இரண்டே வால், தட்டையான உடம்பு, மஞ்சளும் கறுப்புமாகப் புலி மாதிரி. அது ரெண்டுவால்காரன். அதற்குத்தான் எல்லாரையும்விடப் பெரிய மார்க். அது தட்டில் வந்து விழுந்ததும் ஆறு காலையும் ஊன்றி உடம்பை ஏற்றி இறக்கியது. மறுபடி ஏற்றி இறக்கியது.

"ஐயோ, தண்டால் எடுக்குது பாரு!"

"மூச்சு முட்டுதுங்கக்கா. ஓடற தண்ணியிலதான் அதுக்கு மூச்சு. நின்ன தண்ணியில தானா உடம்பை ஆட்டிக் காத்தை வாங்கப் பார்க்குது," என்றாள் சபுரா. தட்டை உடனே ஓடையில் சாய்த்தாள். அக்கா என்று தான் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. வெங்கடலட்சுமி கவனித்தாள்.

தண்ணீரின் மூச்சையும் அளந்தார்கள். ஒரு குப்பியைக் குமிழி வராமல் நிரப்பி, சபுரா அதில் இரண்டு மருந்துகளைச் சொட்டுவாள். தெளிந்த தண்ணீருக்குள் பழுப்பு மேகம் ஒன்று பிறந்து, சுழன்று, மெல்லக் கீழே இறங்கும். எவ்வளவு கரும்பழுப்போ அவ்வளவு மூச்சு. நொச்சிப்பள்ளத்துக் குப்பி காப்பித்தூள் நிறத்துக்குப் போயிற்று. வேகம் பார்க்க ஆரஞ்சுப் பழத்தைத் தண்ணீரில் விடுவார்கள். அது கல்லுக்குக் கல் முட்டிக்கொண்டு போவதைக் கரையோரமாக நடந்து தொடர்ந்து, கடைசியில் பிடித்து, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகத் தின்பார்கள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், வெயில் நட்டநடுவில் இருக்கும்போது தண்ணீர் கலங்கி வந்தது. மழையில்லை. காற்றில்லை. சபுரா வெங்கடலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அசையாதீங்க. மேல யாரோ தண்ணியில நிக்கறாங்க."

"யாரு?"

சபுரா மேலேயிருந்த மூங்கில் புதரைக் கண்ணால் காட்டினாள். கலங்கல் அவர்கள் கால்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தது. மென்று துப்பின மூங்கில் நார் ஒன்று மிதந்து வந்து வெங்கடலட்சுமியின் முழங்காலில் ஒட்டியது. பிறகு வாசம் வந்தது, வைக்கோலும் மண்ணும் கலந்த வெதுவெதுப்பான வாசம். மூங்கில் புதருக்கு அப்பால் ஏதோ பெருமூச்சு விட்டது. அவர்கள் கைகோத்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். பயம் என்று வெங்கடலட்சுமிக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தண்ணீர் யானையின் காலையும் தொட்டுவிட்டுத் தன் காலையும் தொடுகிறது என்பதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள். கலங்கல் மெல்லத் தெளிந்தது. யானை போய்விட்டது என்று அதை வைத்தே தெரிந்தது. இருவரும் கரையேறி உட்கார்ந்து, காரணமில்லாமல் வெகுநேரம் சிரித்தார்கள்.

வீட்டில் மின்விசிறிச் சத்தம் அவளுக்கு ஓடைச் சத்தமாகக் கேட்கத் தொடங்கியது. மத்தியானம் கண்ணயர்ந்தால் கல்லுக்கடியில் தலையைத் தாழ்த்திப் படுத்திருப்பதுபோலக் கனவு வந்தது. அதில் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் மேலே போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் சபுரா மொத்த மார்க்கைக் கூட்டிச் சொன்னாள். "நான் இதுவரைக்கும் பார்த்த ஓடையிலயே இதுதாங்கக்கா முதல்."

வெங்கடலட்சுமிக்கு மகன் பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாயசம் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் திருமலைசாமிக்கும் சந்தோஷம்.

"அப்படிப் போடு! முதல் மார்க் வாங்கின பள்ளம்னு லேபிள்லயே போட்டுரலாம். மாசியில மோட்டார் வெச்சுப் பாத்துட்டு, சித்திரையில ஷெட்டுக்குக் கடக்கால் தோண்டிரலாம்."

வெங்கடலட்சுமியின் கையில் கரண்டி நின்றது. அவ்வளவு நாளாக அவள் எதற்காக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பதே மறந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் காரில் சபுரா மறுபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தோட்டத்துக்குள் நுழைந்து டிரைவர் இறங்கிப்போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"அக்கா, நல்லாயிருக்குன்னு நான் எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாங்க. நல்லாயில்லைன்னு எழுதினா விட்டுருவாங்க. ரெண்டு வாரமா இதேதான் மனசுல ஓடுது. பொய் எழுத எனக்கு வரலீங்க. உண்மையை எழுதவும் கை வரமாட்டேங்குது."

வெங்கடலட்சுமி முன்கண்ணாடியைப் பார்த்தாள். காற்றில் பாக்கு மர நிழல்கள் அதன்மேல் ஏறி இறங்கின.

"நல்லாயிருக்குன்னே எழுது கண்ணு," என்றாள். "அது வாங்கின மார்க்கை நாம எதுக்கு அழிக்கணும்? எடுத்தா என்னாகும்னும் சேத்து எழுது. மீதிய நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது. கணவரிடம் இரண்டு மூன்று முறை பேச்சை எடுத்தாள். அவர் கோபப்படவில்லை. "பாதித் தண்ணிதானே லட்சுமி எடுக்கறோம், பாதி ஓடட்டும்," என்றார். சபுரா எழுதிக் கொடுத்ததையும் படித்தார். கோடையில் பாதி எடுத்தால் மீதி ஓடாது, மணலுக்குள் இறங்கிவிடும் என்று அதில் இருந்ததைப் படித்துவிட்டு, "அதைத்தானே மோட்டார் வெச்சுப் பாக்கப்போறோம்," என்றார்.

மாசிக் கடைசியில் முத்தாத்தாள் ஊருக்குள் நடந்து வந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மணி, பள்ளம் நின்னுபோச்சுங்க. மேல மணல் மூட்டை போட்டு அடைச்சு மோட்டாரை ஓட்டிப்போட்டாங்க. நாலஞ்சு நாளாச்சுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேனுங்க."

அவளுக்குத் தெரியாது. ஒரு கல்யாணத்துக்காகக் காங்கேயம் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு அன்று காலையில்தான் வந்திருந்தாள். காலேஜுக்கு வண்டியை விட்டு, வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்து, சபுராவை ஏற்றிக்கொண்டு போனாள்.

தோட்டத்துக்குள் நுழையும்போதே டீசல் எஞ்சின் சத்தம் கேட்டது. பள்ளத்தில் வெறும் கற்கள் கிடந்தன. வெயிலில் வெளுத்து, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை போலக் கிடந்தன. வெங்கடலட்சுமி ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் ஊடுகட்டியின் மணல் குழாய்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. விரல் பட்டதும் உதிர்ந்தன. அங்கங்கே குழிகளில் கையளவு தண்ணீர் மிச்சமிருந்தது. அதிலொன்றில் ஒரு ரெண்டுவால்காரன் உடம்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. ரொம்ப மெதுவாக. சபுரா அதை உள்ளங்கையில் அள்ளி, மூட்டைகளுக்கு மேல்பக்கம் தேங்கியிருந்த தண்ணீருக்கு ஓடினாள்.

வெங்கடலட்சுமி எஞ்சின் ஓட்டுகிறவனிடம் போனாள்.

"ஏனப்பா, இதை நிறுத்து."

"முதலாளி சொல்லோணுங்கம்மா. பத்து நாள் ஓடணும்னாங்க."

"கரை ரெண்டும் என் பேர்ல இருக்கு. நிறுத்து கண்ணு."

கரை தன் பேரில் இருக்கிறது என்று அவள் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவன் எஞ்சினை நிறுத்தினான். சட்டென்று காடு முழுக்க ஒரு அமைதி இறங்கியது. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் குருவிகள் கேட்கத் தொடங்கின.

மூட்டைகளை அவளும் சபுராவும் முத்தாத்தாளுமாகச் சேர்ந்து இழுத்தார்கள். எஞ்சின்காரனும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி வந்து சேர்ந்தான். நான்காவது மூட்டை நகர்ந்ததும் தண்ணீர் புறப்பட்டது.

அது பாயவில்லை. நடந்து போனது. காய்ந்த சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு குழியாக நின்று நிரப்பி, நிரம்பினதும் விளிம்பு தாண்டி அடுத்ததைத் தேடிப் போனது. வெங்கடலட்சுமி அதன் தலையோடு சேர்ந்து நடந்தாள். அது நின்றால் நின்றாள். கற்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து நிறம் கொண்டன. சில கற்கள் தண்ணீர் பட்டதும் சிறு குமிழிகளாக மூச்சு விட்டன. பக்கத்தில் சபுரா வருகிறாளா என்றுகூட அவள் பார்க்கவில்லை. எத்தனை தூரம் நடந்தாளோ, புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. எதிரே யாரோ வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார்கள். நெருங்கின பிறகுதான் அது திருமலைசாமி என்று அடையாளம் தெரிந்தது. மோட்டார் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்திருக்கிறார்.

அவர் காலடிக்குத் தண்ணீர் வந்தது. ஷூ நனையாமல் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றார். மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏமே, இதென்ன கோலம்?" என்று தெலுங்கில் கேட்டார். வீட்டில் கோபம் என்றால் தெலுங்குதான்.

"வாங்க," என்றாள் அவள் தமிழில். "ஒன்னைக் காட்டறேன். பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

ஷூவைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். மூட்டைகள் இருந்த இடத்துக்கு மேலே, ஓடை ஓடையாகவே இருந்த பகுதிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சபுரா கண்ணாடி வாளியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். அவர் குனிந்தார். கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. மில், பேங்க், கரன்ட் கட் என்று ஒரு நாளும் ஓரிடத்தில் நிற்காத மனிதர், முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்தில் வியர்வை காய்ந்தது.

"அழகாத்தான் இருக்கு," என்றார் கடைசியில், நிமிராமலே. "ஆனா லட்சுமி, நான் என்ன விஷத்தையா விக்கப்போறேன்? ஜனங்க தாகத்துக்குத்தானே தர்றோம்."

"நல்லதுதானுங்க. வேற எடத்துல எடுங்க. இங்க வேண்டாம்."

"இதைவிட நல்ல தண்ணி எங்க கிடைக்கும்?"

"இதுங்க இருக்கறதாலதானுங்க இது நல்ல தண்ணி. உங்க மோட்டார் வந்தா இதுங்க போயிரும். அப்புறம் இதுவும் உங்க ஷெட்டுப் பக்கத்துல ஓடற சாக்கடைதான்." மூச்சு வாங்கினாள். "இந்தக் கரையில ஷெட் போட நான் கையெழுத்துப் போடமாட்டேனுங்க."

அவர் சபுராவைப் பார்த்தார். சபுரா கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அவர் மெதுவாக வாளியைக் கரையில் வைத்துவிட்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு காருக்குப் போனார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வீட்டில் பேச்சில்லை. சாப்பாடு பரிமாறினாள், சாப்பிட்டார். மகன் போனில் பேசினால் இருவரும் மாறி மாறி அவனிடம் மட்டும் பேசினார்கள். வெங்கடலட்சுமி ஒன்றிரண்டு முறை அழுதாள். தப்பு செய்துவிட்டதாக அவள் நினைக்கவில்லை. அவர் தனியாகப் போய்விட்டது போல இருந்ததுதான் தாங்கவில்லை. சித்திரையில் மில்லுக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் போர் போட்டு, அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து பாட்டிலில் அடைக்க ஏற்பாடு செய்தார். மிஷின் வந்தது, வியாபாரம் சுமாராக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பேப்பரை இறக்காமலே, "அந்தத் தண்டால் பூச்சி இருக்குதா இன்னும்?" என்று கேட்டார்.

"மேல இருக்குங்க," என்றாள் அவள். "கீழ பாக்கணும்."

கீழே பார்க்க அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்த்திகையில் இரண்டு பேரும் மறுபடி இறங்கினார்கள். வாளியும் வலையும் தட்டும் எடுத்துப் போயிருந்தார்கள். மூட்டை போட்டிருந்த இடத்துக்கு மேலே எல்லாரும் இருந்தார்கள். கீழே ஊடுகட்டிகள் வந்துவிட்டிருந்தன. மூணுவால்காரிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சாக்கடையிலும் வாழ்கிற சிவப்புப் புழுக்கள் முன்னைவிட அதிகம். சபுரா எட்டு இடங்களில் வலை பிடித்தாள். ரெண்டுவால்காரன் ஒன்றுகூட வரவில்லை.

"அஞ்சாறு நாள்தானே கண்ணு காஞ்சது?"

"அதுங்களுக்கு அவ்வளவு போதுங்கக்கா. முட்டை, குஞ்சு எல்லாம் ஒரேயடியாப் போயிருச்சு. தானா கீழ வந்து சேர இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகலாம். வராமலும் போகலாம்."

சபுரா குப்பியில் மருந்து சொட்டிக்கொண்டிருந்தாள். பழுப்பு மேகம் கீழே இறங்கி முடிந்து நிமிர்ந்தபோது பக்கத்தில் வெங்கடலட்சுமி இல்லை. தேடினாள். மேல்பக்கத்திலிருந்து, பள்ளத்தின் நடுவிலேயே, அடிமேல் அடி வைத்து அவள் வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் தேங்காயளவு கல் ஒன்று. அதன்மேல் நனைந்த துண்டு சுற்றியிருந்தது. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சில அடிக்கொருமுறை குனிந்து கல்லை ஓடையில் முக்கி எடுத்தாள். உதட்டில் ஏதோ முணுமுணுப்பு.

சபுராவுக்குப் புரிந்தது. இப்படிச் செய்யக்கூடாது என்று வாய்வரை வந்தது. ஓடை தானாகத் தேறுகிறதா என்று பார்ப்பதுதான் இப்போது அவள் ஆராய்ச்சி. கையால் கொண்டுவந்து விட்டால் அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. இத்தனை மாதத்து உழைப்பில் ஒரு பகுதி போய்விடும். வெங்கடலட்சுமி மூச்சிரைக்க வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வையும் தண்ணீரும்.

"அடியில ரெண்டுவால்காரங்க மூணு பேரு ஒட்டியிருக்காங்க," என்றாள் ரகசியம்போல. "பாத்துட்டுத்தான் எடுத்தேன். இங்க வைக்கட்டா கண்ணு?"

சபுரா குப்பியை மூடிக் கரையில் வைத்தாள். தண்ணீருக்குள் இறங்கி வந்து கல்லின் மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்கக்கா," என்றாள். "அங்கதான் தண்ணி வேகமா ஓடுது."